பிரைம்95 ரிவ்யூ: நாலு கோடி இலக்க பகா எண்ணை வீட்டு பிசில தேடலாமா?

பிரைம்95-னு சொன்னதும் பிசி அசெம்பிள் பண்றவங்களுக்கு டக்குனு தெரிஞ்சுடும், சிபியுவ ஃபுல் லோடுல போட்டு கூலர் தாங்குதா ஹேங் ஆகுதானு பாக்கற சாஃப்ட்வேர். நெறய பேருக்கு அதோட பழக்கம் அத்தோட முடிஞ்சுடுது. ஆனா அதை எழுதினது அதுக்கு இல்ல. ஜார்ஜ் வோல்ட்மன்ங்கற அமெரிக்கக்காரர் 1996-ல கிம்ப்ஸ்னு ஒரு கூட்டு முயற்சிய ஆரம்பிச்சார், உலகம் பூரா இருக்கற சாதா ஆளுங்களோட கம்ப்யூட்டர் சும்மா கெடக்கற நேரத்தை எல்லாம் ஒண்ணா சேத்து பெரிய பெரிய பகா எண்களைத் தேடறது, அந்தத் தேடலுக்கான சாஃப்ட்வேர்தான் இது. நான் எழுதப்போறது அந்த ஒரிஜினல் வேலையப் பத்தி.

முடிவ மொதல்லயே சொல்லிடறேன். ஃப்ரீ, விளம்பரம் கிடையாது, டெஸ்க்டாப் வச்சிருக்கறவங்க, கணக்குல கொஞ்சமாவது ஆசை இருக்கறவங்க தாராளமா ஓட்டலாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச சாஃப்ட்வேர் இது. ஆனா பரிசுப் பணம் கெடைக்கும்னு நெனச்சு இறக்காதீங்க, லேப்டாப்ல ராத்திரி பகலா ஓட்டாதீங்க. இது நமக்குத் தர்ற பொருள் ஜாக்பாட் இல்ல, சின்னதா ஒரு உறுதியான உண்மை. அது என்னனு புரியணும்னா அது எந்த மாதிரி எண்ணைத் தேடுதுனு கொஞ்சம் பாக்கணும், கொஞ்சம் பெருசாவே போகும், பொறுமையா படிங்க.

நான் இதை எழுதற நேரத்துல தெரிஞ்சதுலயே பெரிய பகா எண் 2^136279841 − 1. அதாவது 2-ஐ 13 கோடியே 62 லட்சத்து 79 ஆயிரத்து 841 தடவ எழுதி எல்லாத்தையும் பெருக்கி அதுல ஒண்ணு கழிக்கணும். இலக்கம் மட்டும் 4,10,24,320. செகண்டுக்கு ஒரு இலக்கம்னு தூங்காம சாப்பிடாம வாய்விட்டு சொன்னாக்கூட 474 நாள் தாண்டிடும். 881694327-னு ஆரம்பிச்சு 486871551-னு முடியுது. இவ்ளோ பெரிய எண்ணோட கடைசி இலக்கத்தை நீங்களே பேப்பர் பேனா கூட இல்லாம சொல்லிடலாம், அதான் எனக்கு இதுல பிடிச்ச விஷயம். 2-ஓட அடுக்குங்க 2, 4, 8, 6, திரும்ப 2, 4, 8, 6-னு நாலு நாலா சுத்தி வரும், 136279841-ஐ 4-ஆல வகுத்தா மீதி 1, அப்ப அடுக்கு 2-ல முடியும், ஒண்ணு கழிச்சா 1. கடைசி ரெண்டு இலக்கம் வேணும்னா சுத்து இருபது இருபதா வரும், அப்படிப் பாத்தா 52-ல ஒண்ணு போக 51. சாஃப்ட்வேர் தர்ற நாலு கோடி இலக்கத்தோட வாலை நம்ம கையாலயே சரிபாக்க முடியுது.

பைனரில இதை எழுதினா இன்னும் அழகு, வெறும் 1 மட்டும்தான், 136279841 ஒண்ணுங்க வரிசையா நிக்கும், நடுவுல ஒரு சைபர் கூட கெடையாது. டெக்ஸ்ட் ஃபைலா எழுதினா 41 எம்பி வருது. ஜிப் பண்ணினா பாதிக்கும் கம்மியாகும், ஆனா 17 எம்பிக்குக் கீழ எறங்காது, ஏன்னா சாதாரண எண் வரிசையாப் பாக்கறப்ப அதுல எந்த ஒழுங்கும் கண்ணுக்குத் தெரியாது. அதே எண்ணைத்தான் மேல நான் ஒரு வரில பாதிகூட வராத இடத்துல எழுதினேன். கணக்குல ஒரு எண் "சிம்பிளா" "சிக்கலா"னு கேட்டா எதுல எழுதறோம்ங்கறதையும் சேத்து சொல்லணும்னு இதைப் பாத்தப்பறம்தான் எனக்கு மண்டைல ஏறுச்சு.

இந்த வடிவத்துல வர்ற பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்னு பேரு, மரென் மெர்சென்ங்கற ஃபிரெஞ்சு துறவி 1644-ல ஒரு லிஸ்ட் போட்டார், அதனால. அடுக்கு (அதாவது 2-ஐ எத்தனை தடவ பெருக்கறோம்ங்கற எண்) பகா எண்ணா இருந்தாத்தான் மொத்த எண்ணும் பகா எண்ணா இருக்க வாய்ப்பு. ஆனா அடுக்கு பகா எண்ணா இருந்துட்டா போதும்னு இல்ல, 2^11 − 1 = 2047, அது 23 × 89-னு உடைஞ்சுடும். மெர்சென்னே தப்பு விட்டிருக்கார், 67, 257-ங்கற அடுக்குங்களையும் லிஸ்ட்ல சேத்துட்டார், 2^67 − 1, 2^257 − 1 ரெண்டும் பகு எண். 61, 89, 107-ங்கற மூணு அடுக்கையும் விட்டுட்டார். 1644-ல கையால கணக்கு போட்டவரை நாம குறை சொல்லக் கூடாது, 2^67 − 1-ங்கறது 21 இலக்கம்.

ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணுக்கும் ஜோடியா ஒரு பெர்ஃபெக்ட் நம்பர் இருக்கு, தன்னோட வகுத்திங்க எல்லாத்தையும் (தன்னைத் தவிர) கூட்டினா தானே வர்ற எண், 6 = 1+2+3 மாதிரி, அப்பறம் 28, 496, 8128. இந்தப் புது எண்ணோட ஜோடிக்கு 8,20,48,640 இலக்கம், அது 6-ல முடியும். யூக்ளிட் காலத்துல போட்ட வாய்ப்பாடு இன்னிக்கு 8 கோடி இலக்கத்துக்கும் அப்படியே வேலை செய்யுது.

சரி, ஏன் ரெக்கார்ட் எல்லாம் திரும்பத் திரும்ப இந்த வடிவத்துலயே வருது? இங்கதான் சாஃப்ட்வேரோட உயிர் இருக்கு. பெரிய எண்ணுல கணக்கு போடறப்ப வகுத்து மீதி எடுக்கறதுதான் எப்பவுமே இழுக்கற வேலை. மெர்சென் எண்ணுக்கு வகுக்கவே வேண்டாம். 31-ஐ எடுத்துக்கோங்க, அது 2^5 − 1. 784-ஐ 31-ஆல வகுத்தா மீதி என்ன? 784-ஐ பைனரில எழுதினா 11000 10000, அஞ்சு அஞ்சா பிரிச்சா 24, 16, ரெண்டையும் கூட்டினா 40, திரும்ப பிரிச்சா 1, 8, கூட்டினா 9. மீதி 9, முடிஞ்சது. வெட்டி கூட்டறது, அவ்ளோதான். பதினஞ்சு கோடி பிட் எண்ணா இருந்தாலும் இதே வேலைதான், அதனாலதான் மத்த வடிவத்துல இருக்கற அதே சைஸ் எண்ணை விட இதை சோதிக்கறது எவ்ளோ மடங்கு லேசா இருக்கு.

சோதனை எப்படினா அதுவும் எட்டாவது படிக்கற பசங்களுக்கு சொல்லிக் குடுக்கற அளவுக்கு சிம்பிள். 3-ல ஆரம்பிங்க. வர்க்கம் எடுங்க, மீதி எடுங்க, திரும்ப வர்க்கம், திரும்ப மீதி, அடுக்கு எத்தனையோ அத்தனை தடவ. எண் பகா எண்ணா இருந்தா கடைசில கண்டிப்பா 9 வரணும். 31-க்கு போட்டுப் பாருங்க, அடுக்கு 5, அதனால அஞ்சு தடவ: 9, 19, 20, 28, 9. வந்துடுச்சு. 2047-க்கு பதினோரு தடவ போட்டா 9, 81, 420, 358, 1250, 639, 968, 1545, 223, 601, 929. கடைசில 929 வந்திருக்கு, 9 இல்ல, அப்ப 2047 பகு எண்தான், சந்தேகமே இல்ல. கால்குலேட்டர்ல பத்து நிமிஷ வேலை, ஒரு தடவ கையால போட்டுப் பாத்துட்டு பிரைம்95 விண்டோவைப் பாத்தீங்கன்னா அதுல ஓடற ஒவ்வொரு வரியும் உங்களுக்குப் புரியும், அது செய்யறது இதேதான், தடவை 11-க்கு பதிலா 13 கோடி, எண் ஒவ்வொண்ணும் நாலு கோடி இலக்கம். அந்த சைஸ்ல வர்க்கம் எடுக்கறதுக்கு பள்ளிக்கூட பெருக்கல் ஆகாது, ஃபூரியே டிரான்ஸ்ஃபார்ம்ங்கற கணித உத்திய வச்சு வேகமா பெருக்கறாங்க, அதை சிபியுவோட கடைசி சொட்டு வேகம் வரைக்கும் பிழியற மாதிரி வோல்ட்மன் அசெம்ப்ளில எழுதியிருக்கார். ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டுக்கு இதை ஏன் எல்லாரும் புடிச்சுக்கிட்டாங்கனு இப்ப புரியுதா, இவ்ளோ கடுமையா சிபியுவ வேலை வாங்கற புரோகிராம் ரொம்ப கம்மி.

ஒண்ணு கவனிச்சீங்களா, 929 வந்ததும் 2047 பகு எண்னு தெரிஞ்சுடுச்சு, ஆனா அது 23 × 89-ங்கறத 929 எங்கயும் சொல்லல. உடையும்னு தெரியும், எங்க உடையும்னு தெரியாது. 2^67 − 1-க்கும் இதேதான் நடந்தது, 1876-ல லூக்காங்கற ஃபிரெஞ்சு கணித அறிஞர் (பேரை ஃபிரெஞ்சுல அப்படித்தான் சொல்லுவாங்க) அது பகு எண்னு காட்டிட்டார், காரணிங்க கெடைச்சது 1903-ல, ஃபிராங்க் கோல் அமெரிக்கன் மேத்தமேட்டிகல் சொசைட்டி கூட்டத்துல போர்டுல போட்டுக் காட்டினார், 193707721 × 761838257287. நடுவுல 27 வருஷம். பிரைம்95-ஐ ஓட்டறவங்களுக்கு கெடைக்கற ரிசல்ட்ல கிட்டத்தட்ட எல்லாமே லூக்காவுக்கு கெடைச்ச மாதிரி ரிசல்ட்தான், "இந்த எண் பகு எண்", காரணி தெரியாது. இதைப் பாத்துட்டு நெறய பேர் "சே, ஒண்ணும் கெடைக்கல"னு அன்இன்ஸ்டால் பண்ணிடறாங்க. எனக்கு அது புரியவே மாட்டேங்குது. உலகத்துல அதுக்கு முன்னாடி யாருக்குமே தெரியாத ஒரு விஷயம் உங்க வீட்டு மெஷின்ல தீர்மானமாயிருக்கு, அது இனி எந்த காலத்துலயும் மாறாது, கிம்ப்ஸ் சைட்ல அந்த அடுக்கைத் தேடினா உங்க யூசர்நேமோட நிக்கும். அதை ஒண்ணும் கெடைக்காததுன்னு எப்படி சொல்றது?

இனி யூஸ் பண்ற அனுபவம். மெர்சென்.ஆர்க் சைட்ல இருந்து சின்ன ஜிப் ஃபைல், இன்ஸ்டாலர் கெடையாது, ஒரு ஃபோல்டர்ல பிரிச்சு ஓட்ட வேண்டியதுதான். லினக்ஸ்க்கு எம்பிரைம்னு தனியா இருக்கு, அதுல விண்டோ இல்ல, டெர்மினல் மெனு. மொதல் தடவ திறந்ததும் கிம்ப்ஸ்ல சேரணுமா, இல்ல வெறும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் மட்டுமானு கேக்கும், பெரும்பாலானவங்க ரெண்டாவதை அமுக்கிட்டு போயிடறாங்க, நீங்க மொதல் பட்டனை அமுக்குங்க. யூசர்நேம் குடுத்தா உங்க பேர்ல கணக்கு ஏறும், குடுக்கலனாலும் ஓடும். சர்வர் உங்க மெஷின் வேகத்தைப் பாத்து அதுவே ஒரு எண்ணை ஒதுக்கிடும், நீங்க எதுவும் தேர்ந்தெடுக்கத் தேவையில்ல.

பாக்கறதுக்கு பழைய விண்டோஸ் 98 காலத்து சாஃப்ட்வேர் மாதிரிதான் இருக்கும், விண்டோக்குள்ள விண்டோ, வரி வரியா ஓடற எழுத்து, எத்தனையாவது வர்க்கம், எத்தனை சதவீதம், ஒரு சுத்துக்கு எத்தனை மில்லிசெகண்ட், எப்ப முடியும், அவ்ளோதான். கலர் கிராஃப் எல்லாம் எதிர்பாக்கறவங்களுக்கு போர் அடிக்கும். செட்டிங்ஸ்க்கான விளக்கம் எல்லாம் டெக்ஸ்ட் ஃபைல்ல இருக்கு, உக்காந்து படிக்கணும், புதுசா வர்றவங்களுக்கு இது ஒரு கஷ்டம்தான், ஒத்துக்கறேன். எனக்கு அந்த ஒரே ஒரு சதவீத எண் மெதுவா ஏறுறதைப் பாத்தாலே போதும்.

வேலை பண்றப்ப பிசி ஸ்லோ ஆகுமானு எல்லாரும் கேக்கறாங்க. ரொம்ப கம்மி பிரையாரிட்டில ஓடும், டாஸ்க் மேனேஜர்ல 100 சதவீதம் காட்டினாலும் நீங்க பிரவுசர் திறந்தா அது ஒதுங்கிக்கும், பெரிய கேம் ஆடறப்ப மட்டும் நிறுத்தி வைக்கறது நல்லது. நடுவுல கரண்ட் போனாலும் பயமில்ல, அரை மணிக்கு ஒரு தடவ டிஸ்க்ல எழுதி வச்சுக்கும், கரண்ட் வந்து திரும்ப ஓட்டினா விட்ட இடத்துல இருந்து தொடரும், யூபிஎஸ் இல்லாதவங்களும் ஓட்டலாம். ஒரு எண் முடிய நல்ல டெஸ்க்டாப்னா சில நாள், பழசுனா வாரக்கணக்கு, சமயத்துல மாசமும் ஆகும்.

செலவுன்னு பாத்தா கரண்ட் பில் மட்டும்தான், ஆனா அது சின்ன செலவு இல்ல. சிபியு கூடுதலா 100 வாட் இழுக்குதுனு வச்சுக்கோங்க, 24 மணி நேரமும் ஓடினா ஒரு நாளைக்கு 2.4 யூனிட், ரெண்டு மாச ரீடிங்ல 144 யூனிட் ஏறும். நம்ம ஊர்ல ஸ்லாப் மாறிச்சுன்னா மொத்த பில்லும் வேற கணக்கா ஆயிடும், அதனால மொதல்லயே இதை யோசிங்க. நான் எல்லா கோரையும் குடுக்கறது இல்ல, பவர் லிமிட்டைக் குறைச்சு வச்சு ஓட்டறேன், வேகம் கொஞ்சம்தான் குறையுது, சூடும் கரண்ட்டும் நல்லாவே குறையுது. மே மாசத்துல நிறுத்தியே வச்சிடறேன், ரூமே கொதிக்கும்போது ஒரு ஹீட்டரை வேற ஓட்டறதுக்கு மனசு வராது. லேப்டாப் வேண்டவே வேண்டாம், அந்த சின்ன ஃபேனுக்கு இது தாங்காது.

இப்ப இந்த சாஃப்ட்வேர்ல நான் ரொம்ப மதிக்கற பகுதிக்கு வர்றேன், பிழை கண்டுபிடிக்கற விதம். கோடிக்கணக்கான வர்க்கத்துல ஒரே ஒரு தடவ ராம்ல ஒரு பிட் மாறிப்போனாலும் அதுக்கப்பறம் வர்ற அத்தனையும் குப்பை, கடைசில வர்ற விடை தப்பு. பகா எண்ணையே பகு எண்னு சொல்லிட்டுப் போயிடலாம். முன்னாடி லூக்கா-லேமர்னு வேற ஒரு சோதனை ஓட்டிட்டு இருந்தாங்க (அது 4-ல ஆரம்பிச்சு ஒவ்வொரு தடவையும் வர்க்கம் எடுத்து 2 கழிக்கும், கடைசில 0 வந்தா பகா எண்), அதுல ஹார்டுவேர் பிழைய முழுசா புடிக்க வழி இல்ல, அதனால ஒவ்வொரு எண்ணையும் வேற யாரோ ஒருத்தர் வேற மெஷின்ல முதல்ல இருந்து திரும்ப ஓட்டி ரெண்டு விடையும் ஒத்துப்போகுதானு பாக்கணும், பாதி உழைப்பு அதுலயே போச்சு. 2017-ல ராபர்ட் ஜெர்பிச் ஒரு வழி சொன்னார், நான் மேல சொன்ன 3-ல ஆரம்பிக்கற சோதனைல நடுநடுவுல ரொம்ப கம்மி செலவுல ஒரு செக் போட்டுக்கலாம், தப்பு வந்தா உடனே தெரிஞ்சுடும், கடைசியா சரியா இருந்த இடத்துக்குப் பின்னாடி போய் திரும்ப ஓட்டிக்கலாம். அப்பறம் 2020-ல இன்னொண்ணு வந்தது, சோதனை முடிஞ்சதும் உங்க மெஷின் ஒரு ப்ரூஃப் ஃபைல் தயார் பண்ணி சர்வருக்கு அனுப்பும், அதை வச்சு இன்னொருத்தர் மொத்த வேலைல ஒரு சதவீதம் கூட செய்யாம நீங்க முழு வேலையும் ஒழுங்கா செஞ்சீங்களானு உறுதிப்படுத்திடலாம். முகம் தெரியாத லட்சம் மெஷின்ல வர்ற விடைய நம்பறதுக்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல. இதுக்காக டிஸ்க்ல சில ஜிபி இடம் விடணும், ஒவ்வொரு ப்ரூஃபும் 100 எம்பிக்கு மேல அப்லோட் ஆகும், மொபைல் டேட்டால ஓட்டறவங்க கவனிச்சுக்கோங்க.

இந்த கடுமைக்கு ஒரு பக்க பலனும் இருக்கு. 2016-ல இன்டெலோட ஸ்கைலேக் சிப்ல ஒரு பக் இருக்குனு வெளிய வந்தது, பிரைம்95-ல 14942209-ங்கற அடுக்கை ஓட்டினா மெஷின் அப்படியே உறைஞ்சு நின்னுடுச்சு, இன்டெலும் ஒத்துக்கிட்டு பயாஸ் அப்டேட் வழியா சரி பண்ணாங்க. ஸ்ட்ரெஸ் டெஸ்ட்ல "ரவுண்டிங் 0.5, 0.4-க்குக் கீழ இருக்கணும்"ங்கற மாதிரி எர்ரர் வந்தா அர்த்தம் இதுதான், ஃபூரியே கணக்குல வர்ற தசம எண்ணை பக்கத்து முழு எண்ணுக்கு கொண்டு போக முடியாத அளவுக்கு எங்கயோ தப்பு நடந்திருக்கு. உங்க ராமோ சிபியுவோ சரியில்ல, சாஃப்ட்வேரைத் திட்டாதீங்க.

பணம், பேர் பத்தி. கிம்ப்ஸோட மொதல் கண்டுபிடிப்பு 1996 நவம்பர்ல, 2^1398269 − 1, 4,20,921 இலக்கம். 2008 ஆகஸ்ட்ல கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி லாஸ் ஏஞ்சலஸ் கேம்பஸ் கம்ப்யூட்டர்ல ஒரு கோடி இலக்கத்தைத் தாண்டின மொதல் பகா எண் கெடைச்சுது, அதுக்கு எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 1 லட்சம் டாலர் பரிசு குடுத்தாங்க. 2018 டிசம்பர்ல ஃப்ளோரிடால பாட்ரிக் லரோஷ்ங்கறவருக்கு 2^82589933 − 1 கெடைச்சுது, அவர் ரொம்ப வருஷமா பிசி கட்டறப்ப டெஸ்ட் பண்ண மட்டும் இதை யூஸ் பண்ணிட்டு இருந்தவர்தான். அதுக்கப்பறம் ஆறு வருஷம் எதுவும் வரல. கடைசில லூக் டுரன்ட், முன்னாடி என்விடியால வேலை பாத்தவர், சொந்தக் காசுல 17 நாடுகள்ல 24 டேட்டா சென்டர் ரீஜன்கள்ல ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டுல இருக்கற சிப்) வாடகைக்கு எடுத்து ஓட்டினார். 2024 அக்டோபர் 11-ல டப்ளின்ல இருக்கற ஒரு ஏ100 ஜிபியு "இது பகா எண் மாதிரி தெரியுது"னு சொல்லுச்சு, அடுத்த நாள் டெக்ஸாஸ் சான் அன்டோனியோல ஒரு எச்100 ஜிபியு லூக்கா-லேமர் சோதனை ஓட்டி உறுதிப்படுத்துச்சு. அந்த எண்தான் மேல பாத்தது. அதுக்கு பரிசு 3000 டாலர், அவர் செலவழிச்சதுக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல, அதையும் தான் படிச்ச அலபாமா ஸ்கூலுக்குக் குடுத்துட்டார்.

இதுல ஒண்ணு நேரா சொல்லணும், அந்த எண் பிரைம்95-ல கெடைக்கல. மிஹாய் ப்ரெடா எழுதின ஜிபியுஓவல்ங்கற வேற புரோகிராம்ல கெடைச்சுது. பிரைம்95 ஜிபியுவத் தொடவே தொடாது. 28 வருஷமா சாதா பிசிக்களோட கோட்டையா இருந்தது அன்னிக்கு மாறிடுச்சு. வீட்டு பிசில அடுத்த ரெக்கார்ட் வரவே வராதுனு சொல்ல மாட்டேன், ஏன்னா 136279841-க்குக் கீழ இருக்கற எல்லா அடுக்கையும் இன்னும் முழுசா சரிபாத்து முடிக்கல, நடுவுல ஒண்ணு தப்பிச்சு நிக்கலாம், 2008-ல பெரிய எண் கெடைச்சப்பறம் அதைவிட சின்னதா ரெண்டு பின்னாடிதான் கெடைச்சுது. அதனாலதான் இதை "தெரிஞ்சதுல 52-வது"னு கவனமா சொல்றாங்க. பத்து கோடி இலக்கத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர் பரிசும் இன்னும் அப்படியே இருக்கு. ஆனா அதுக்கு அடுக்கு 33 கோடிக்கு மேல போகணும், வீட்டு சிபியுல ஒரே எண்ணுக்கு மாசக்கணக்குல ஆகும், நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

நான் சிபாரிசு பண்றது காரணி தேடற வேலை. செட்டிங்ஸ்ல வேலை வகைய மாத்திக்கலாம், பி மைனஸ் 1-னு ஒண்ணு, ஈசிஎம்னு ஒண்ணு. மெர்சென் எண்ணோட காரணி கண்ட மாதிரி வராது, அதுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, அடுக்கை ரெட்டிச்சு எதையாவது பெருக்கி ஒண்ணு கூட்டினா வர்ற எண்ணாத்தான் இருக்கணும், அதோட 8-ஆல வகுத்தா மீதி 1 இல்ல 7. அடுக்கு 11-க்கு பாருங்க, 22-ஓட மடங்குல ஒண்ணு கூட்டினா 23, 45, 67, 89. மீதி 7, 5, 3, 1. நாலுல ரெண்டு தேறுது, 23-உம் 89-உம், ரெண்டுமே காரணி! கோலோட 193707721-உம் இப்படித்தான், 134-ஐ 1445580-ஆல பெருக்கி ஒண்ணு கூட்டுங்க, வரும். பி மைனஸ் 1 இந்த கட்டுப்பாட்டைத்தான் பயன்படுத்திக்குது. ராம் நெறய குடுத்தா நல்லா ஓடும், 16 ஜிபி வச்சிருந்தா பாதிய ராத்திரிக்கு ஒதுக்கலாம். நூத்துல சில எண்ணுக்குத்தான் காரணி விழும், ஆனா விழறப்ப முப்பது இலக்கத்துக்குப் பக்கத்துல ஒரு எண் ஸ்கிரீன்ல நிக்கும், அதை நீங்களே எந்த கால்குலேட்டர் புரோகிராம்லயும் சரிபாத்துக்கலாம், யாரையும் நம்ப வேண்டியதில்ல. ஒரு காரணி கெடைச்சா அந்த எண்ணுக்கு முழு சோதனையே தேவையில்ல, யாரோ ஒருத்தரோட பல நாள் கரண்ட் மிச்சம். முதல் காரணி விழுந்த அன்னிக்கு நான் வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு காட்டினேன்.

"இதனால என்ன யூஸ்"னு கேப்பீங்க, என் கூட வேலை பாக்கறவங்களும் கேக்கறாங்க. நாலு கோடி இலக்க எண்ணுக்கு இன்னிக்கு நேரடி யூஸ் எதுவும் இல்ல, பேங்க் செக்யூரிட்டிக்கு எல்லாம் சில நூறு இலக்கமே போதும். ஆனா 2^521 − 1 பகா எண்னு 1952-ல ராஃபேல் ராபின்சன் ஸ்வாக்ங்கற பழைய கம்ப்யூட்டர்ல கண்டுபிடிச்சப்ப அதுக்கும் யூஸ் இல்லதான், இன்னிக்கு பி-521-ங்கற என்கிரிப்ஷன் வளைவு அதே எண் மேலதான் கட்டியிருக்காங்க, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தாங்கன்னா நான் மேல சொன்ன வெட்டி கூட்டற வசதிக்காக. 1971-ல கெடைச்ச 2^19937 − 1 இன்னிக்கு பைத்தான்ல ரேண்டம்னு கூப்பிட்டா பின்னாடி ஓடற மெர்சென் ட்விஸ்டர்ங்கற ரேண்டம் எண் உருவாக்கற முறையோட சுற்று நீளம். எதுக்கு எப்ப வேலை வரும்னு முன்னாடியே யாராலயும் சொல்ல முடியாது. அதோட, யூஸ் இல்லனாலும் நான் ஓட்டுவேன். மெர்சென் பகா எண்ங்க முடிவில்லாம இருக்கா, இல்ல எங்கயோ நின்னுடுமாங்கறது இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது, அந்த கேள்விக்குப் பக்கத்துல ஒரு ஓரமா நம்ம மெஷினும் நிக்குதுங்கறது எனக்கு சந்தோஷம்.

யாருக்கு இதை சிபாரிசு பண்ணுவேன்னா, டெஸ்க்டாப், ஓரளவு நல்ல கூலர், 16 ஜிபி ராம், கரண்ட் பில்லை சமாளிக்கற வசதி, கூடவே ப்ளஸ் டூ கணக்கு படிக்கற பிள்ளை வீட்ல இருந்தா இன்னும் நல்லது, மீதி, வர்க்கம், அடுக்கு எல்லாத்தையும் இதுல வச்சே சொல்லிக் குடுக்கலாம். ஜிபியு நல்லதா வச்சிருக்கறவங்க இதுக்கு பதிலா ஜிபியுக்கான புரோகிராமையே எடுத்துக்கோங்க, வேகம் அதுலதான். ரேட்டிங் கேட்டா அஞ்சுக்கு நாலரை, அந்த அரை போனது டெக்ஸ்ட் ஃபைல் விளக்கத்துக்கு.

ஒரே ஒரு வேண்டுகோள், பாதில விடணும்னு தோணிச்சுன்னா ஃபோல்டரை அப்படியே டெலீட் பண்ணிடாதீங்க. அட்வான்ஸ்ட் மெனுல க்விட் கிம்ப்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதை அமுக்கினா உங்களுக்கு ஒதுக்கின எண் சர்வருக்குத் திரும்பிப் போயிடும், அடுத்த ஆள் அன்னிக்கே அதை எடுத்து ஓட்டலாம். இல்லன்னா கெடு முடியற வரைக்கும் அந்த எண் உங்க பேர்லயே சும்மா கெடக்கும்.